ஐ.சி.யூ. வாசலில் யார் கையெழுத்துப் போடுவது?

விடியும் முன்பே போடிநாயக்கனூரில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். முந்தலைத் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வரும். காய் எடுப்புக் காலத்தில் வீட்டில் தெம்பாக இருப்பவர்கள் பெரும்பாலும் மலைமேல்தான். கீழே மிஞ்சுவது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வயதானவர்களும்.

அப்படியொரு பகல்பொழுதில் எழுபதைத் தாண்டிய ஒருவர் மயங்கி விழுந்தால் என்ன நடக்கும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பக்கத்து வீட்டுக்காரர் 108-ஐக் கூப்பிடுவார். முதலில் போடி அரசு மருத்துவமனை. அங்கே முடியாதென்றால் தேனியைத் தாண்டி, கானாவிலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதற்கும் மேலே என்றால் மதுரை. ஒவ்வொரு படியிலும் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். அந்த நேரத்தில் யார் நிற்கிறாரோ அவர் போடுவார். மருமகளாக இருக்கலாம், கல்லூரியில் படிக்கும் பேரனாக இருக்கலாம். மகன் மலையிலிருந்து இறங்கி வந்து சேர்வதற்குள் தொண்டையில் குழாய் இறங்கியிருக்கும்.

அது கத்தோலிக்க வீடாக இருந்தால் இன்னொரு கேள்வியும் அப்போதுதான் எழும்: சாமியாருக்குச் சொல்லியாச்சா?

வென்டிலேட்டர் வைப்பதா வேண்டாமா என்பது டாக்டர் சமாச்சாரம், சாமியாரை அழைப்பது கோயில் சமாச்சாரம் என்று வீடுகளில் பிரித்தே வைத்திருக்கிறார்கள். மருத்துவமனைக் கடிகாரம் அப்படிப் பிரிப்பதில்லை. தொண்டைக்குள் குழாய் போனபின் நோயாளியால் பேச முடியாது. பெரும்பாலும் மயக்கத்திலேயே வைத்திருப்பார்கள். பேச முடியாதவர் வாய்விட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது. விழுங்க முடியாதவர் நற்கருணை வாங்க முடியாது. நினைவில்லாதவருக்கும் கொடுக்கக்கூடியதென்று மிஞ்சுவது பெரும்பாலும் நோயில்பூசுதல்தான். சாகும் தறுவாயில் ஒரு கத்தோலிக்கருக்குத் திருச்சபை கொடுப்பது மூன்று: ஒப்புரவு, பூசுதல், வழியுணவாக நற்கருணை. அதில் இரண்டை, முதல் தாளில் போட்ட கையெழுத்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. கையெழுத்துப் போட்டவருக்கு அது தெரியவும் தெரியாது.

ஆகவே வென்டிலேட்டர், சாமியார் என்ற இந்த இரண்டு விருப்பங்களும் ஒரே முன்விருப்பத் தாளில் இருக்க வேண்டியவை. சுகமாக இருக்கும்போதே வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டியவை.

ஏன் சொல்வதில்லை? சாவைப் பற்றிப் பேசினால் சாவு வந்துவிடும் என்ற பயம் எல்லா மதத்தாருக்கும் பொது. கத்தோலிக்க வீடுகளில் அதற்கு மேலும் ஒன்று உண்டு. நோயாளியின் கட்டிலருகே அங்கிபோட்ட சாமியார் வந்து நின்றால், "ஆள் முடிந்தது" என்று ஊர் படித்துவிடும். நோயாளியே படித்துவிடுவார். அவர் பயந்துபோவாரே என்று பிள்ளைகள் தள்ளிப்போடுவார்கள். பிள்ளைகள் அழுவார்களே என்று அவரும் கேட்காமல் இருப்பார். பெரியவர்கள் இன்றும் அதை அவஸ்தைப்பூசுதல் என்றுதான் சொல்கிறார்கள். உயிர் ஊசலாடும்போது மட்டும் தருவது என்ற எண்ணம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

திருச்சபை இதை மாற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, இந்த அருட்சாதனம் சாவின் விளிம்பில் இருப்பவர்களுக்கு மட்டுமானதல்ல என்றது. 1972 நவம்பர் 30-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புதிய சடங்குமுறையை அங்கீகரித்தார். கடுமையான அறுவை சிகிச்சைக்கு முன் பெறலாம். முதுமையால் தளர்ந்தவர்கள் பெறலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். கடைசி அருட்சாதனம் என்று திருச்சபை சொல்வது பூசுதலை அல்ல, வழியுணவைத்தான். நோயாளிக்குத் தக்க நேரத்தில் பூசுதல் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது மேய்ப்பர்களின் கடமை மட்டுமல்ல, உறவினர்களின் கடமையும்தான் என்று திருச்சபைச் சட்டத்தின் 1001-ஆம் பிரிவு சொல்கிறது. இத்தனையும் ஏட்டில் இருக்கிறது. ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் உள்ள கம்பம் பள்ளத்தாக்கிலும் வீட்டுப் பேச்சில் அவஸ்தை அவஸ்தையாகவே நிற்கிறது.

நன்மரணத்துக்குப் பாதுகாவலர் சூசையப்பர் என்பது தமிழ்க் கத்தோலிக்கர்கள் சிறு வயதிலேயே கற்றுக்கொள்வது. வீரமாமுனிவர் அவரையே தலைவனாக வைத்து 3,615 பாடல்களில் தேம்பாவணி எழுதினார். இயேசுவும் மரியாளும் அருகிலிருக்க அவர் உயிர் பிரிந்தது என்பது மரபு. நல்ல சாவு என்று இந்தச் சமூகம் காலங்காலமாக மனதில் வைத்திருக்கும் படம் அதுதான்: வீடு, சொந்த மனிதர்கள், சுயநினைவு. ஐ.சி.யூ.வில் இந்த மூன்றில் எதுவும் இருக்காது. அங்கே போகவே கூடாது என்பதல்ல வாதம். எதற்காகப் போகிறோம், எப்போது திரும்புவது என்பதை யாராவது முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

"கடைசிவரை எல்லா வைத்தியமும் பார்த்தே ஆக வேண்டும், நிறுத்தினால் பாவம்" என்று நம்புகிற கத்தோலிக்கர்கள் ஏராளம். இது திருச்சபையின் போதனை அல்ல. 1957 நவம்பர் 24-இல் மயக்க மருந்து நிபுணர்களிடம் பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், இன்ஸ்புருக் நகர மருத்துவர் புரூனோ ஹைடு எழுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொன்னார். நினைவு திரும்ப வழியில்லாதவருக்குச் சுவாசக் கருவியை வைத்தே ஆக வேண்டுமா, வைத்ததை எடுக்கலாமா என்பவை அந்தக் கேள்விகள். சாதாரண வழிகளைக் கையாளக் கடமை உண்டு, அளவுமீறிய சுமையைத் தரும் அசாதாரண வழிகளைக் கையாளக் கடமை இல்லை என்றார் அவர். வென்டிலேட்டர் அப்போதுதான் மருத்துவமனைகளுக்குள் வந்துகொண்டிருந்தது. ஒரு கருவி வந்த சூட்டோடு சூடாக ரோமிலிருந்து இவ்வளவு தெளிவான பதில் வந்தது அபூர்வம்தான்.

1980 மே 5-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கை இன்னும் ஒரு படி போனது. ஒரு சிகிச்சையைத் தொடங்கிப் பார்த்து, எதிர்பார்த்த பலன் இல்லையென்றால் நோயாளியின் சம்மதத்தோடு நிறுத்தலாம் என்றது. நம் ஊரில் நிறையக் குடும்பங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வைக்காமல் இருந்தாலும் பரவாயில்லை, வைத்ததை எடுத்தால் கொலை என்று நினைக்கிறார்கள். தொடங்கியதற்காகவே தொடர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1992-இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2278-ஆம் பத்தி இதையே சொல்கிறது. 2279-ஆம் பத்தி, வலி தணிக்கும் மருந்து வாழ்நாளைக் குறைக்கக்கூடும் என்றாலும், சாவை நோக்கமாகக் கொள்ளாதவரை தரலாம் என்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் தாள் எழுதக் கூடாது. குழாய் வழியாகக் கொடுத்தாலும் உணவும் தண்ணீரும் பொதுவாக அடிப்படைப் பராமரிப்பு என்பது திருச்சபையின் நிலைப்பாடு. 2004 மார்ச்சில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இதை வலியுறுத்தினார். 2007-இலும், 2020 செப்டம்பரில் வெளியான நல்ல சமாரியர் பற்றிய ஆவணத்திலும் மறுபடி உறுதியானது. உடம்பு அதை ஏற்றுக்கொள்ளும்வரை கொடுக்க வேண்டும். ஏற்காத நிலையில், உபாதையைக் கூட்டுமானால், நிறுத்தலாம். "எனக்கு எதுவுமே வேண்டாம்" என்று ஒரே வரியில் எழுதிவைக்கிற கத்தோலிக்கர் தன் பங்குத்தந்தையையும் பிள்ளைகளையும் சேர்த்துச் சங்கடத்தில் மாட்டிவிடுவார்.

2005-ஆம் ஆண்டின் ஈஸ்டர் காலத்தை நினைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டெரி ஷைவோ என்ற கத்தோலிக்கப் பெண் 1990-இல், 26 வயதில், இதயம் நின்று மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்தார். எதுவும் எழுதிவைத்திருக்கவில்லை. எழுதிவைக்கிற வயதா அது? குழாய் வழி உணவை நிறுத்தலாம் என்றார் கணவர், கூடாது என்றார்கள் பெற்றோர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து நாடாளுமன்றம்வரை போனது. மார்ச் 18-இல் குழாய் எடுக்கப்பட்டது. ஈஸ்டர் அன்று குருவானவர் ஒருவர் அவர் நாவில் ஒரு துளி திராட்சை ரசத்தை வழியுணவாக வைக்க முடிந்தது. மார்ச் 31-இல் அவர் இறந்தார். கணவர் வீடும் பிறந்த வீடும் அதன்பின் ஒட்டவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 2-இல், வத்திக்கானில் தன் அறையிலேயே இறந்தார் இரண்டாம் ஜான் பால். பிப்ரவரியில் அவருக்குத் தொண்டையில் துளையிட்டுச் சுவாசக் குழாய் வைத்திருந்தார்கள். அந்தச் சிகிச்சையை அவர் ஏற்றார். மார்ச் கடைசியில் நோய்த்தொற்று முற்றியபோது ஜெமெல்லி மருத்துவமனைக்குத் திரும்பாமல் வீட்டிலேயே இருப்பது என்று முடிவெடுத்தார். நோயில்பூசுதலும் பெற்றுக்கொண்டார்.

திருத்தந்தை பிரான்சிஸ் இன்னும் நல்ல உதாரணம். அவருடைய மரணசாசனம் 2022 ஜூன் 29 தேதியிட்டது. அது பேசுவது அடக்கத்தைப் பற்றி மட்டுமே: ரோமில் புனித மரியா பேராலயத்தில், மண்ணுக்குள், அலங்காரம் இல்லாத கல்லறை, மேலே பெயர் மட்டும். செலவுக்கு ஒரு கொடையாளரை ஏற்பாடு செய்ததையும் அதிலேயே குறித்திருக்கிறார். மருத்துவத்துக்கு வேறு வழி செய்திருந்தார். தன் உடல்நலம் சம்பந்தமான முடிவுகளைத் தன்னைக் கவனித்துவந்த செவிலியர் மாசிமிலியானோ ஸ்ட்ராப்பெத்தியிடம் ஒப்படைத்திருந்தார். 2025 பிப்ரவரி 28-இல் மூச்சு முட்டி நிலைமை மோசமானபோது, இத்தோடு விட்டுவிடுவதா, மற்ற உறுப்புகள் கெட்டாலும் பரவாயில்லை என்று முழுவீச்சில் முயல்வதா என்று மருத்துவக் குழு யோசித்தது. எல்லாவற்றையும் முயன்று பாருங்கள் என்றார் அந்தச் செவிலியர். பிரான்சிஸ் பிழைத்தார், மொத்தம் 38 நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டுத் திரும்பினார். ஏப்ரல் 21 அதிகாலையில் பக்கவாதம் தாக்கியபோது அவரை எங்கும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. வீட்டில் இறக்கத்தான் அவர் விரும்பினார் என்று அவருடைய மருத்துவர் செர்ஜியோ அல்ஃபியேரி பின்னர் சொன்னார்.

பிப்ரவரியில் விடாதே என்றும் ஏப்ரலில் போகவிடு என்றும் ஒரே மனிதரின் விருப்பத்தை இரண்டு விதமாகப் படிக்க வேண்டியிருந்தது. எந்தப் பட்டியலாலும் அது ஆகாது. அந்த மனிதரை நன்றாகத் தெரிந்த ஒரு ஆளால்தான் ஆகும். எழுதும் தாளில் மிக முக்கியமான வரி, என் சார்பாகப் பேசுகிறவர் இவர் என்று ஒரு பெயரைக் குறிப்பிடும் வரிதான். அந்தப் பெயர் மூத்த மகனுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை, வேதமும் சொல்லவில்லை. மலைமேல் சிக்னல் கிடைக்காத இடத்தில் வேலை பார்க்கும் மகனைவிட, போடியிலேயே ஏலக்காய் கிட்டங்கியில் வேலை பார்க்கும் மருமகளோ தங்கச்சி மகளோ பொருத்தமானவராக இருக்கலாம்.

இவ்வளவு சொன்னபின் ஒரு கசப்பான விஷயத்தையும் பேசாமல் முடியாது. தென் தமிழகத்தின் சில பகுதிகளில் தலைக்கூத்தல் என்று ஒன்று நடந்துவந்திருக்கிறது. படுத்த படுக்கையான முதியவருக்கு அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீர் ஊற்றி, இளநீருக்கு மேல் இளநீராகக் கொடுத்துச் சாகவிடுவது. "பெரியவர் கஷ்டப்படுகிறார், அனுப்பிவைத்துவிடலாம்" என்று கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். 2019-இல் வந்த 'கே.டி. என்கிற கருப்புதுரை' படத்தில் கோமாவிலிருந்து கண்விழிக்கிற கிழவர் தன் பிள்ளைகள் அப்படிப் பேசுவதைக் கேட்டுவிட்டு வீட்டைவிட்டு ஓடிப்போவார். தியேட்டரில் சிரித்தார்கள், சிரித்தவர்களுக்கும் உள்ளுக்குள் சுருக்கென்றிருக்கும்.

சிகிச்சையை நிறுத்துவது பற்றிய தாள் என்றாலே கத்தோலிக்கத் தரப்பில் எழும் தயக்கத்தை இந்தப் பின்னணியில் பார்த்தால் அதை முட்டாள்தனம் என்று தள்ள முடியாது. சொத்துக்கும் செலவுக்கும் பயந்த பிள்ளைகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் தலைக்கூத்தலில் கொடூரம் எங்கே இருக்கிறது? கொல்வதற்கென்றே செய்கிறார்கள்; கிழவரை ஒரு வார்த்தை கேட்பதும் இல்லை. முன்விருப்பத் தாள் இரண்டையும் மறுக்கிறது. கொல்லும் செயலுக்கு அதில் இடமில்லை, பேசுகிறவர் நோயாளியே. மௌனமாகப் படுத்திருப்பவர் விஷயத்தில்தான் கூடிப் பேசுகிறவர்களின் கை ஓங்கும். முன்பே பேசிவிட்டவரை அப்படிச் சுலபமாகத் தாண்டிப்போக முடியாது.

சட்டம் எங்கே நிற்கிறது? மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் தாக்கப்பட்டு, 2015 மே 18-இல் இறக்கும்வரை சுயநினைவின்றிக் கிடந்தார். அவர் வழக்கில் 2011 மார்ச் 7-இல் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்த வழிவிட்டது. ஆனால் அருணாவுக்கு அதைப் பொருத்தவில்லை. பல ஆண்டுகள் அவரைப் பராமரித்துவந்த மருத்துவமனைப் பணியாளர்களின் விருப்பத்தை மதித்தது. 2018 மார்ச் 9-இல், காமன் காஸ் என்ற அமைப்பின் வழக்கில், தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள், கண்ணியத்தோடு இறப்பதும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவில் அடக்கம், அதற்கான விருப்பத்தை முன்கூட்டி எழுதிவைக்கலாம் என்றார்கள்.

அந்தத் தீர்ப்பு வந்தது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 11, போடிக்கு மேலே குரங்கணிக் காட்டில் தீப்பிடித்தது. மலையேற்றத்துக்கு வந்த இளைஞர்களும் பெண்களும் சிக்கிக்கொண்டார்கள். கருகிய உடல்களோடு அவர்களை இருட்டில் மலையிலிருந்து இறக்கி, போடி, தேனி, மதுரை மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். பலர் அடுத்தடுத்த நாட்களில் வார்டுகளில் இறந்தார்கள். இது கிழவர்கள் பேச வேண்டிய விஷயம் என்று நினைக்கிற முப்பது வயதுக்காரருக்கு இந்த ஊரிலேயே பதில் இருக்கிறது.

2018-இல் சொன்ன நடைமுறை கடினமானது. மாஜிஸ்திரேட் மேலொப்பம் வரை கேட்டது. செய்தவர் அபூர்வம். 2023 ஜனவரி 24-இல் நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான அமர்வு அதை இளக்கியது. இப்போது வயது வந்த, மனத்தெளிவுள்ள எவரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கினால் போதும். தன் சார்பாக முடிவெடுப்பவர்களாக ஒன்றுக்கு மேற்பட்டோரைக் குறிப்பிடலாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் போடலாம். ஒரு பிரதியை நகராட்சியோ பஞ்சாயத்தோ அதற்கென நியமிக்கும் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அதைச் செயல்படுத்த வேண்டிய நிலை வந்தால், சிகிச்சை தரும் மருத்துவரும் இரண்டு நிபுணர்களும் கொண்ட முதல் குழுவும், மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவர் இடம்பெறும் இரண்டாவது குழுவும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். பிள்ளைகள் சேர்ந்து நினைத்த மாத்திரத்தில் குழாயைப் பிடுங்க முடியாது என்பதற்கு இந்தக் கட்டுக்காவலே சாட்சி.

இது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்பதால் போடிமெட்டுக்கு அந்தப் பக்கமும் இதே சட்டம்தான். எல்லையோர மக்களுக்கு இது சின்ன விஷயமல்ல. வீடு போடியில், வேலை பூப்பாறையில், மயங்கி விழுவது எங்கே என்று யாருக்குத் தெரியும்? மலைக்கு மேலே கேரளாவில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலிதணிப்புச் சேவை 2008-ஆம் ஆண்டுக் கொள்கைக்குப் பின் பஞ்சாயத்து வரை இறங்கியிருக்கிறது. 2024-இல் கொல்லம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இப்படிப்பட்ட தாள் எழுத வழிகாட்டும் தகவல் மையமே திறந்தது. கர்நாடகம் 2025 ஜனவரியில் தீர்ப்பை நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் செவிலியர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். வலிதணிப்புப் பராமரிப்பும் அவர்கள் வேலையில் ஒன்று. முன்விருப்பத்தைப் பற்றி ஒரு கேள்வியை அவர்கள் கேட்கலாம். பிரதியை யாரிடம் கொடுப்பது என்பதைப் போடி நகராட்சி தன் வாசலில் பெரிய எழுத்தில் எழுதிப் போடலாம். ஏலத்துக்கு மூட்டையை அனுப்பும்போது யார் காய், எத்தனை கிலோ என்று சீட்டுக் கட்டாமல் அனுப்பாத ஊர் இது.

எழுதிவிட்டால் எல்லாம் நடந்துவிடுமா? நடக்காது. இதற்கு உதாரணம் தேடித் தமிழ்க் கத்தோலிக்கர்கள் வெகுதூரம் போக வேண்டாம். திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-இல் பிறந்த இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு வாழ்ந்தவர். 2020 அக்டோபர் 8-இல், 83 வயதில், எல்கார் பரிஷத் வழக்கில் தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைதுசெய்தது. பார்க்கின்சன் நோயாளி. 2021 மே 21-இல் தலோஜா சிறையிலிருந்து காணொளி வழியாக மும்பை உயர் நீதிமன்றத்தில் பேசினார். சிறைக்கு வந்தபோது தானே சாப்பிடவும் குளிக்கவும் நடக்கவும் முடிந்தது, இப்போது முடியவில்லை என்றார். ஜே.ஜே. மருத்துவமனைக்கு அனுப்பலாமா என்று நீதிபதிகள் கேட்டார்கள். வேண்டாம், அதற்கு இங்கேயே சாகிறேன் என்றார். இடைக்கால ஜாமீனில் ராஞ்சிக்குப் போய்த் தன் மக்களோடு இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது.

வழக்கின் நியாய அநியாயம் தனி விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது அந்தப் பேச்சின் தெளிவு. எந்தச் சிகிச்சை வேண்டாம், எங்கே இருக்க வேண்டும், யாரோடு இருக்க வேண்டும் என்ற மூன்றையும் ஒரு முதிய துறவி, கை நடுங்க, நீதிபதிகள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மே 28-இல் நீதிமன்ற அனுமதியோடு பாந்த்ராவிலுள்ள ஹோலி ஃபேமிலி மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். அது கத்தோலிக்க மருத்துவமனை. கேட்டதில் ஒரு பங்கு கிடைத்தது. ஜூலை 4 அதிகாலை இதயம் நின்று, மீட்கப்பட்டு, வென்டிலேட்டரில் வைக்கப்பட்டார். மறுநாள் அவருடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த வேளையில் மரணச் செய்தி நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. ராஞ்சிக்குப் போனது அஸ்திதான். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் என்ன கேட்டார் என்பதில் இன்றுவரை யாருக்கும் சந்தேகம் இல்லை. அவருக்காகப் பேசியவர்கள் யாரும் ஊகித்துப் பேச வேண்டியிருக்கவில்லை. சிறையில் இல்லாத, சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் இதில் பாதி தெளிவோடு பேசினாலே போதும்.

தாளில் என்னென்ன இருக்கலாம்? பேசுகிறவர் பெயர் முதலில். பிறகு வென்டிலேட்டர்: குணமாக வாய்ப்பிருந்தால் சில நாள் வைத்துப் பார்க்கட்டும், இல்லையென்று தெரிந்தால் எடுத்துவிடட்டும் என்று எழுதலாம், திருச்சபை அதைத் தடுக்கவில்லை. வலி பற்றித் தயங்காமல் எழுத வேண்டும். வலியைச் சிலுவையாக ஒப்புக்கொடுப்பது அவரவர் பக்தி. அதற்காக மார்ஃபினைக் குடும்பம் மறுக்க உரிமையில்லை. 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டபின் மருத்துவமனைகள் அதை வாங்கி வைப்பதும் முன்பைவிட எளிது. பிறகு குருவானவர்: குழாய் போடும் முன்பே அழைக்க வேண்டும், நினைவோடு இருக்கும்போதே பாவசங்கீர்த்தனம் வேண்டும் என்று எழுத வேண்டும். மலைக்கு மேலே லத்தீன், சீரோ மலபார், சீரோ மலங்கரா என்று மூன்று முறைக் கோயில்களும் உண்டு. அவசரத்தில் எந்தக் கத்தோலிக்கக் குருவும் பூசலாம், சொந்தப் பங்குச் சாமியார்தான் வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

அடக்கம் எங்கே என்பதையும் சேர்க்கலாம். தகனத்துக்கு 1963 முதல் அனுமதி உண்டு. அஸ்தியைத் தூவுவதும் வீட்டில் வைத்துக்கொள்வதும் கூடாது என்று 2016-இல் ரோம் சொல்லிவிட்டது. உறுப்புதானம் செய்யலாம், திருச்சபை அதை உயர்ந்த செயலாகவே சொல்கிறது. இந்த மாவட்டத்துக்கு அதில் ஒரு தனி இடம் உண்டு. உறுப்புதானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் அறிவிப்பு வந்ததும், முதல் மரியாதையைப் பெற்றவர் சின்னமனூரைச் சேர்ந்த வருவாய்த் துறை ஊழியர்.

தொடங்க வேண்டிய இடம் மருத்துவமனையோ வக்கீல் ஆபீஸோ அல்ல. ஒவ்வொரு பங்கிலும் பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து நடத்தும் அன்பியக் கூட்டங்கள் இருக்கின்றன. ஒரு செபம், ஒரு வாசகம், கொஞ்சம் பேச்சு, டீ. கல்லறைத் திருநாளான நவம்பர் 2-க்கு முன் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வாரத்தில் நடக்கும் கூட்டத்தில் பங்குத்தந்தை இதை எடுத்துவைக்கலாம். உத்தமபாளையத்திலிருந்தோ தேனியிலிருந்தோ ஒரு செவிலியரையும் ஒரு நோட்டரியையும் அழைத்துவரலாம். கூடத்தில் முதலில் வாய்திறக்க வேண்டியவர் சாமியார்தான். அவருக்கும் பங்குமக்களைப் போலவே உடம்பு உண்டு, முதுமை உண்டு, குருக்கள் ஓய்வு இல்லத்தில் ஒரு கட்டில் காத்திருக்கிறது. தன் தாளில் யார் பெயரை எழுதியிருக்கிறார் என்பதை அவர் சொன்னால், அடுத்து எழுந்து பேச முன்வரிசையில் ஒரு பாட்டியாவது இருப்பார்.